ஃபாங் ஜி என்ற பெயரில் வந்த வேர்: பிரஸ்ஸல்ஸ் சிறுநீரக நிகழ்வு, ஓர் ஆய்வு

## பின்னணி

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், உடல் எடையைக் குறைப்பதற்கென்றே நடந்துவந்த ஒரு கிளினிக். ஏறக்குறைய 15 வருடங்களாக அங்கே ஒரே மாதிரியான சிகிச்சைதான். பசியைக் குறைக்கும் ஃபென்ஃப்ளூரமைன், டைஎதில்புரோப்பியான், அவற்றோடு சிறுநீர் பெருக்கும் அசிட்டசோலமைடு, பெல்லடோனா செடியின் சாறு என்று பலவற்றைச் சேர்த்து கேப்ஸ்யூலாக எழுதிக் கொடுப்பார்கள். அந்த வருடங்களில் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லும்படியாக எதுவும் வெளியே தெரியவில்லை.

1990 மே மாதம் கலவை மாறியது. இரண்டு சீன மூலிகைப் பொடிகள் புதிதாகச் சேர்ந்தன. ஒன்று மாக்னோலியா அஃபிசினாலிஸ் மரத்தின் பட்டை. மற்றொன்று ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவின் வேர், சீனப் பெயர் ஹான் ஃபாங் ஜி. சீன மருத்துவத்தில் ஃபாங் ஜி உடம்பில் நீர் கோத்த வீக்கத்துக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கப்படுவது. வழக்கமாக வேறு சரக்குகளோடு சேர்த்துக் கஷாயம் வைத்து, நோயாளியைப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றிக் கொடுப்பார்கள். எடை குறைவதற்காக மாதக்கணக்கில் பொடியாக விழுங்குவது அந்த மரபில் இல்லாத பழக்கம். இந்த நிகழ்வை 'சீன மருத்துவத்தின் தீங்கு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து.

## கவனத்துக்கு வந்தது

1992-ல் இரண்டு பெண்கள் சிறுநீரக மருத்துவர்களிடம் வந்தார்கள். இருவருக்கும் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோய், நீண்டகால வலி மாத்திரைப் பழக்கம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் பொருந்தவில்லை. பயாப்ஸியில் தெரிந்ததும் விசித்திரமாக இருந்தது. வடிகட்டும் குளோமெருலஸ்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. அவற்றுக்கு இடையிலிருந்த திசுதான் முழுக்க நாராக இறுகிப்போயிருந்தது. இப்படி இறுகும்போது வீக்க அணுக்கள் கூட்டமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே அவையும் குறைவு. சிறுநீரில் புரதம் கொஞ்சம்தான் போனது. ஆனால் ரத்தசோகை மட்டும் சிறுநீரகச் சேதத்தின் அளவுக்குப் பொருந்தாமல் கடுமையாக இருந்தது.

இருவரும் அதே கிளினிக்கில் எடை குறைக்கும் மருந்து எடுத்தவர்கள் என்பது கேட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டு பேர் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் பிரஸ்ஸல்ஸின் மற்ற சிறுநீரகப் பிரிவுகளிலும் விசாரித்தார்கள். 50 வயதுக்குக் கீழே, இதே மாதிரி திசு இறுகிய நோயோடு 1991, 1992-ல் டயாலிசிஸுக்கு வந்த பெண்கள் யார் யார், அவர்கள் முன்பு என்ன மருந்து எடுத்தார்கள் என்று கேட்டபோது இன்னும் ஏழு பேர் கிடைத்தார்கள். எல்லோரும் அதே சிகிச்சைக்குப் போனவர்கள். ஒன்பது பேரின் விவரமும் 1993-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

## முதல் முடிவு: நிரூபணத்துக்குக் காத்திராமல் நிறுத்தியது

15 வருடம் சும்மா இருந்த சிகிச்சை 1990-க்குப் பிறகு மட்டும் ஏன் சிறுநீரகத்தைத் தாக்க வேண்டும்? அந்த இடைவெளியில் மாறியவை இரண்டு மூலிகைகள் மட்டுமே. ஆகவே சந்தேகம் நேராக அவற்றின் மேல் விழுந்தது. எந்தப் பொருள் நச்சு என்று சோதனைக்கூடம் சொல்வதற்கு முன்பே, 1992 இறுதியில் பெல்ஜியத்தில் அந்த இரண்டு மூலிகைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது.

இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் நான் முதலில் வைப்பது இதைத்தான். வேதியியல் விடை வர அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை பொடி கடையில் இருந்திருந்தால் இன்னும் பலர் விழுங்கியிருப்பார்கள்.

## சோதனைக்கூடத்தில்

பொடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது யாருக்கும் முதலில் தோன்றுவது, வெளியிலிருந்து ஏதாவது கலந்துவிட்டதா என்பதுதான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் வழக்கமான நச்சுகள் இருக்கின்றனவா என்ற கோணத்தில் பார்த்தபோது காரணம் எதுவும் அகப்படவில்லை.

இன்றைக்கும் பல தரக் கட்டுப்பாட்டுக் கூடங்களில் மூலிகைக்கான பட்டியல் இங்கேயே முடிந்துவிடுகிறது. ஈரப்பதம், சாம்பல் அளவு, ஈயம், ஆர்செனிக், பாதரசம், பூச்சிமருந்து எச்சம், கிருமி எண்ணிக்கை. எல்லாம் வரம்புக்குள் இருந்தால் சான்றிதழ் அச்சாகிவிடும். பிரஸ்ஸல்ஸ் பொடி அந்தப் பட்டியல் முழுவதையும் தாண்டி வந்திருந்தாலும் அதிலிருந்த ஆபத்து அப்படியே இருந்திருக்கும். காரணம், அந்த நஞ்சு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை. செடி தானே தன் வேரில் உண்டாக்கிய பொருள்.

துப்பு கிடைத்தது வேறு பக்கத்திலிருந்து. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவின் வேரில் டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடி உண்டாக்கும் நைட்ரஜன் கொண்ட காரப் பொருள், நிறைய இருக்கும். கொஞ்சநஞ்சமில்லை, அதையும் அதன் நெருங்கிய உறவான ஃபாங்சினோலினையும் சேர்த்து வேரில் 1.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சீன மருந்து நூல், அதாவது அந்நாட்டின் அதிகாரபூர்வ மருந்துத் தரநூல், இப்போது விதிக்கிறது. அந்த அளவுக்கு இருக்க வேண்டிய பொருள், நோயாளிகள் எடுத்த பொடியில் தென்படவில்லை.

இருக்க வேண்டியது இல்லையென்றால் இந்தப் பொடி அந்த வேரே இல்லை. அப்படியானால் இது எது?

இங்கேதான் பெயர் விஷயம் வருகிறது. சீனச் சந்தையில் ஃபாங் ஜி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் புழங்கின. ஹான் ஃபாங் ஜி என்றால் ஸ்டெஃபானியா. குவாங் ஃபாங் ஜி என்றால் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. இரண்டும் வேறு வேறு தாவரக் குடும்பங்கள். ஆனால் முன்னொட்டு விடுபட்டு வெறும் 'ஃபாங் ஜி' என்று சிட்டையில் எழுதினால் இரண்டில் எதுவும் மூட்டைக்குள் வரலாம். வேராகவோ சீவலாகவோ வந்திருந்தால் பழகிய கண் பிரித்துவிடும். ஸ்டெஃபானியா வேரை வெட்டினால் உள்ளே சாம்பல் கலந்த வெண்மையும் மாவுத்தன்மையும் தெரியும். பொடியாக்கிய பிறகு கண்ணுக்கு வேலை இல்லை.

அரிஸ்டோலோக்கியா என்றதும் வேதியியலாளர்களுக்கு அந்தச் செடிகள் உண்டாக்கும் நஞ்சான அரிஸ்டோலோக்கிக் அமிலம் நினைவுக்கு வரும். 1994-ல் லான்செட்டில் வந்த சிறு குறிப்பு அதை உறுதி செய்தது. பெல்ஜியத்தில் ஸ்டெஃபானியா என்ற பெயரில் விநியோகமான 12 பேட்ச் பொடிகளைச் சோதித்ததில், பெரும்பாலானவற்றில் அந்த அமிலம் இருந்தது. அளவு கிராமுக்கு 0.02 மில்லிகிராமுக்கும் கீழிருந்து 1.56 மில்லிகிராம் வரை. சராசரி 0.65.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 12-ல் ஒன்றை மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால், எது கைக்கு வந்தது என்பதைப் பொறுத்து 'எதுவும் இல்லை' என்றும் எழுதியிருக்கலாம், 'கடும் நச்சு' என்றும் எழுதியிருக்கலாம். ஒரே பெயர், ஒரே நாட்டுச் சந்தை. பேட்ச் மாறினால் விடையும் மாறுகிறது. ஒரு முறை சோதித்து வாங்கிய சான்றிதழை வருடம் முழுக்கக் காட்டுவது மூலிகையில் ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

## அந்தச் சோதனை எப்படி நடக்கிறது

இதற்குப் பெரிய கருவி வேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. முதல் சல்லடைக்கு மென்படல நிறப்பிரிகைத் தகடு, அதாவது டி.எல்.சி., போதும். பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, தகட்டில் ஒரு பொட்டு. பக்கத்திலேயே உண்மையான ஸ்டெஃபானியா வேரின் சாறு, தூய டெட்ராண்ட்ரின், தூய அரிஸ்டோலோக்கிக் அமிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பொட்டு. இந்த ஒப்பீடு இல்லாமல் தகட்டை ஓட்டுவது வீண் வேலை.

டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆல்கலாய்டு இருக்கும் இடம் ஆரஞ்சு நிறமாகும். ஆனால் அந்த நிறத்தைச் சோதனைக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு 'ஆல்கலாய்டு இருக்கிறது, சரி' என்று நிறுத்தக் கூடாது. அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகளிலும் மேக்னோஃப்ளோரின் என்ற ஆல்கலாய்டு உண்டு. தவறான வேரும் குழாயில் ஆரஞ்சு காட்டும். தகட்டில் பொட்டு எந்த உயரத்தில் நிற்கிறது, டெட்ராண்ட்ரினுக்கு நேராக நிற்கிறதா என்பதுதான் விடை.

அரிஸ்டோலோக்கிக் அமிலம் தானே மஞ்சள். இன்னொரு தகட்டில் ஸ்டான்னஸ் குளோரைடு கரைசலைத் தெளித்துச் சூடாக்கினால் அதன் நைட்ரோ பகுதி ஒடுங்கி, 366 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். உடம்புக்குள் அந்த அமிலம் தீங்கு செய்யத் தொடங்குவதும் இதே நைட்ரோ ஒடுக்கத்தில்தான். ஒடுங்கும் வழியில் உண்டாகும் துடிப்பான இடைநிலை, டி.என்.ஏ.வில் முக்கியமாக அடினின் என்ற பகுதியோடு பிணைந்துகொள்கிறது.

டி.எல்.சி.யில் சந்தேகம் வந்தாலும் வராவிட்டாலும் அளவு சொல்ல எச்.பி.எல்.சி., அதாவது உயர் அழுத்தத்தில் திரவத்தை ஓட்டிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி, வேண்டும். சி-18 என்ற வகைப் பிரிப்புக் குழாயில், அமிலம் சேர்த்த நீரும் அசிட்டோநைட்ரைலும் ஓடவிட்டு, 390 நானோமீட்டருக்கு அருகே பார்ப்பது வழக்கம். அந்த அலைநீளத்தில் வேறு பல பொருள்கள் மங்கிவிடுவதால் இந்த அமிலத்தின் முதல், இரண்டாம் வகைகள் தெளிவாகத் தெரியும். பல சரக்கு சேர்ந்த மாத்திரை என்றால் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளையும் காட்டும் உச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்; அப்போது மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியோடு இணைத்த கருவிதான் நம்பகம். அதில் முதல் வகை, அம்மோனியம் அயனியைச் சேர்த்துக்கொண்டு 359 என்ற நிறை எண்ணில் வரும்.

'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதும்போது எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்த அமிலத்தில் அந்த எண் இல்லாத அறிக்கையை நான் அறிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

## ஏற்க மறுத்தவர்கள், கேட்ட கேள்விகள்

பொடியில் அமிலம் இருந்தது என்பது மட்டும் அதுதான் காரணம் என்பதற்கு நிரூபணம் ஆகாது. எதிர்க் கேள்விகள் வந்தன, நியாயமான கேள்விகள்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சிகிச்சை எடுத்தார்கள். அவர்களில் சிறு பகுதியினருக்கு மட்டும் ஏன் நோய்? கேப்ஸ்யூலில் ஃபென்ஃப்ளூரமைனும் அசிட்டசோலமைடும் இருந்தனவே, அவற்றின் பங்கு என்ன?

விடை ஒரே இடத்திலிருந்து வரவில்லை. 1996-ல், இந்த நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே அரிஸ்டோலோக்கிக் அமிலம் டி.என்.ஏ.வோடு பிணைந்த தடயம் கண்டெடுக்கப்பட்டது. மருந்தை நிறுத்தி வருடங்கள் ஆன பிறகும் அது அங்கே இருந்தது. பொடியைச் சோதிப்பது கடையில் என்ன இருந்தது என்று சொல்லும். திசுவைச் சோதிப்பது அந்தப் பெண்ணின் உடம்புக்குள் என்ன போனது என்று சொல்லும். பிறகு, அந்த அமிலத்தை மட்டும் கொடுத்து எலிகளிலும் முயல்களிலும் சிறுநீரகம் இறுகுவதைக் காட்டினார்கள். எடை குறைக்கும் மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகளிலும் அரிஸ்டோலோக்கியா எடுத்தவர்களுக்கு இதே நோய் வந்தது. 1999-ல் பிரிட்டனில், தோல் கரப்பானுக்குச் சீன மூலிகை எடுத்த இருவரின் சிறுநீரகங்கள் செயலிழந்தது பதிவானது. அங்கே மு தோங் என்ற கொடியின் பெயரில் வந்தது அரிஸ்டோலோக்கியா.

இதில் மனம் கனக்கச் செய்வது ஒன்று உண்டு. இந்த அமிலம் எலிகளில் புற்று உண்டாக்குகிறது என்று தெரிந்து, ஜெர்மனி 1980-களின் தொடக்கத்திலேயே அது உள்ள மருந்துகளை விலக்கிவிட்டது. சீனாவில் மு தோங் குடித்து சிறுநீரகம் செயலிழந்த இருவரைப் பற்றி 1964-லேயே எழுதியிருந்தார்கள். செய்தி இருந்தது, பொடியை இறக்குமதி செய்தவருக்கும், எழுதிக்கொடுத்தவருக்கும், விழுங்கியவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

## அடுத்து வந்தது

பெல்ஜியத்தில் நோயாளிகள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்குச் சிறுநீரகம் தேய்ந்துகொண்டே போனது. ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததில் சிலருக்கு வேகம் குறைந்தது. பலர் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போனார்கள்.

அதன் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தெரியத் தொடங்கியது. மருத்துவர்கள் முன் ஒரு கடினமான முடிவு நின்றது. இந்த நோயாளிகளின் சொந்தச் சிறுநீரகங்கள் ஏற்கனவே வேலை செய்யவில்லை. ஆனால் உள்ளே இருக்கும்வரை அவை புற்றுக்கு இடம். ஆகவே டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கும், பழைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள். 39 பேர் சம்மதித்தார்கள். எடுத்த உறுப்புகளை ஆராய்ந்த முடிவு 2000-ல் வெளியானது: 18 பேருக்குப் புற்று. மீதி 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம்.

அந்த மருந்துச் சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் மொத்தம் எவ்வளவு பொடி எடுத்தார் என்றும் கணக்கிட்டார்கள். 200 கிராம் வரை எடுத்த 24 பேரில் 8 பேருக்குப் புற்று. அதற்கு மேல் எடுத்த 15 பேரில் 10 பேருக்கு. சராசரிப் பொடியில் இருந்த அளவை வைத்துப் பார்த்தால் 200 கிராம் பொடி என்பது சுமார் 130 மில்லிகிராம் அமிலம். ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும் அளவு அது.

2002-ல் அரிஸ்டோலோக்கியா உள்ள மூலிகை மருந்துகளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்று உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. சீனா 2003-ல் அரிஸ்டோலோக்கியா வகை மு தோங்கையும், 2004-ல் குவாங் ஃபாங் ஜியையும் நீக்கியது. தைவான் 2003-ல் தடை விதித்தது. டான்யூபின் துணையாறுகளின் கரைக் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக விளங்காமல் இருந்த பால்கன் சிறுநீரக நோய்க்கும் இதே அமிலம்தான் காரணம் என்பது இந்த நிகழ்வின் தடம் பிடித்துப் போனபோது தெளிவானது. அங்கே கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியாவின் விதை மாவில் கலந்து ரொட்டியாகிக்கொண்டிருந்தது.

## மாற வேண்டியவை

முதலாவது, சோதனையின் வரிசை. அடையாளம் முதலில், தூய்மை அப்புறம். 'இதில் என்ன கலந்திருக்கிறது' என்று கேட்பதற்கு முன் 'இது அந்தச் செடிதானா' என்று கேட்டிருந்தால், டெட்ராண்ட்ரின் இல்லாத பொடி கிடங்கிலேயே நின்றிருக்கும். இருக்க வேண்டிய பொருள், இருக்கக் கூடாத பொருள் இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் கலப்படம் தப்பிவிடும். 12 பேட்ச்களில் அளவு அவ்வளவு மாறியதற்கு இரண்டு வேர்களும் கலந்து வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொள்முதல் சிட்டையில் தாவரவியல் பெயர், செடியின் எந்தப் பகுதி, சீனப் பெயர் முழுவதும், பேட்ச் எண் நான்கும் வேண்டும். முடிந்தவரை பொடியாக வாங்கக் கூடாது. வேராக வாங்கி, பார்த்து, பிறகு அரைக்க வேண்டும். டி.என்.ஏ. அடையாளச் சோதனை இப்போது எளிதாகிவிட்டது. ஆனால் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், அங்கே வேதிச் சோதனைதான் கைகொடுக்கும். ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் தனியே எடுத்து, விற்றுத் தீர்ந்த பிறகும் வைத்திருக்க வேண்டும். இந்த நோய் வெளியே தெரிய மாதங்கள் ஆகும். புற்று தெரிய வருடங்கள் ஆகும்.

நெருங்கிய உறவுச் செடிகளையும் விடக் கூடாது. ஷீ ஷின் என்ற மூலிகை அரிஸ்டோலோக்கியாவின் குடும்பத்தையே சேர்ந்தது. சீன மருந்து நூல் அதைத் தடை செய்யவில்லை. பயன்பாட்டை வேருக்கும் வேர்த்தண்டுக்கும் சுருக்கி, இந்த அமிலத்தின் முதல் வகை 0.001 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்காமல் அளந்து முடிவெடுத்த வழி அது. ஆனால் ஒவ்வொரு பேட்சையும் அளக்கும் கூடம் இருந்தால்தான் அந்த வரம்புக்குப் பொருள்.

நமக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. கருடக்கொடி என்றும் ஈசுவரமூலி என்றும் சொல்வது அரிஸ்டோலோக்கியா இண்டிகா. இரண்டும் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்ற மூலிகைகள், இரண்டிலும் இந்த அமிலம் உண்டு. காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்போடு வருகிறவரிடம் மாத்திரைப் பட்டியலோடு சேர்த்து, என்ன பொடி, என்ன சூரணம், எத்தனை மாதம் சாப்பிட்டார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மீதி இருந்தால் டப்பாவோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். சிட்டை தொலைந்திருந்தாலும் அந்த மிச்சப் பொடியிலிருந்து டி.எல்.சி. தகடு விடை சொல்லும்.